கோழியிடம் சொன்ன சேதி

என் குறட்டையை நான் மட்டும்தான் கேட்டதில்லை. வண்டிப்பாளையத்தில் எங்கள் தெருவில் வேறு யாரும் அதைக் கேட்காமல் தப்பித்ததில்லை. காலையில் முனை டீக்கடைக்குப் போனால், "கார்த்திகேசன் வூட்டுல நேத்து ராத்திரி ஜல்லி லோடு எறக்கனாங்களா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக் குடிப்பேன். குறட்டை என்றால் அசந்த தூக்கம், அசந்து தூங்குகிறவன் கொடுத்து வைத்தவன் என்பது எங்கள் குடும்பத்துக் கணக்கு. அப்பா விட்டார், அண்ணன் விட்டார், நானும் விட்டேன். பாகப்பிரிவினையின்போது இதை மட்டும் யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் முழுசாகவே வந்து சேர்ந்தது.

பிரிக்க இருந்ததே ஒரு ஓட்டு வீடுதான். நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அண்ணன் கோவிந்தசாமிக்கு என்று ஆனது. சுவர் ஓடு வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக அண்ணி வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசனை வரும், டி.வி. சீரியலின் அழுகை வரும், கொசுவும் வரும். பேச்சு மட்டும் வராது.

பேச்சு நின்றதற்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொல்லையில் இருக்கும் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் யார் பக்கம் இருப்பது என்பதுதான். என் மனைவி சந்திரலேகா ஒரு வார்த்தை சொன்னாள், அண்ணி அருள்மொழி ரெண்டு வார்த்தை சொன்னாள், சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது. அதன்பிறகு ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனும் நானும் தெருவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். வீட்டுக்குள் அதுவும் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்பு அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். "யாருக்கும் தொந்தரவு குடுக்காத சாவு" என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டிப்பிடித்து அழுத லேகாவும் அண்ணியும் கருமாதி முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டார்கள். யார் முதலில் பேசுவது என்பதில்தான் சிக்கல். அண்ணன் மகன் இளவரசு சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனான். அந்தப் பக்கத்தில் அண்ணியும் ஒரு கறுப்புக் கோழியும் மிஞ்சினார்கள்.

பேசுவதில்லை என்றால் வாயே திறப்பதில்லை என்று அர்த்தம் இல்லை. ஜாடை எதற்கு இருக்கிறது?

"ஏ கோழி, நாலு பேரு பொழங்கற கொல்லையில கழனித்தண்ணிய ஊத்தி சேறாக்கறவள என்னான்னு சொல்றது?" என்பாள் அண்ணி.

"ஏ வாழமரமே, ஒன் வேருக்குத்தான ஊத்தறேன், அடுத்தவங்களுக்கு ஏன் எரியுது?" என்பாள் லேகா.

கடலூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். எத்தனையோ வக்கீல்களின் வாதத்தைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கோழிக்கும் வாழைக்கும் பக்கத்தில் நிற்க ஒருத்தருக்கும் தகுதி போதாது.

கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கேதான் என் உடம்பு முதலில் காட்டிக்கொடுத்தது. காலையில் எழும்போதே தலை கனக்கும், வாய் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கண் சொக்கும். ஒருநாள் வக்கீல் ராஜ்கமலுக்கு ஒரு மனு அடித்துக்கொடுத்தேன். படித்துப் பார்த்தவர், "என்னா சார், மனுதாரர்னு ஆரம்பிச்சி அரப் பக்கத்துக்கு வெறும் 'ர்' தான் இருக்குது. ஜட்ஜு முன்னாடி நா இத உறுமிக் காட்டணுமா?" என்றார். விரலைக் கீபோர்டில் வைத்தபடியே தூங்கியிருக்கிறேன். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் கோபம் வந்தது. கொஞ்ச காலமாகவே எடுத்ததற்கெல்லாம் கோபம் வந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்குகிறவனுக்குப் பகலில் ஏன் இப்படித் தூக்கம் வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

சுவரில் தட்டும் சத்தம் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். எங்கள் கட்டில் நடுச்சுவரை ஒட்டிக் கிடந்தது. ராத்திரியில் அந்தப் பக்கமிருந்து 'டங், டங்' என்று செம்பால் இடிக்கும் சத்தம் வரும். நான் திடுக்கிட்டு விழிப்பேன். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். லேகா என் குறட்டைக்குப் பயந்து கல்யாணமான புதிதிலிருந்தே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறவள். அவளுக்கே கட்டில் அதிர்வதில் விழிப்பு வந்துவிடும்.

"பாத்தீங்களா, ஒங்க கொறட்ட பொறுக்காம இடிக்கிறாங்க. கூடப் பொறந்த அண்ணன் பொண்டாட்டி, ஒரு மனுசன் நிம்மதியா தூங்கறது கூட பொறுக்கல" என்பாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எரிச்சலோடு புரண்டு படுத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு காலையில் கோழி மூலமாக அந்தச் சேதி வந்தது. நான் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். லேகா துணி அலசிக்கொண்டிருந்தாள். அண்ணி தவிட்டைப் பிசைந்து வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"ஏ கோழி, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. இப்பிடியே வுட்டா ஒருநாளு ஒரேடியா நின்னுபோவும். அப்பறம் மாருல அடிச்சிக்கினு அழுது என்னா புண்ணியம்?"

லேகாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. வாழைமரத்திடம் அவள் எதுவும் சொல்லவில்லை. உள்ளே வந்ததும் வெடித்தாள்.

"என் தாலிய சொல்றாங்க! புரியிதா ஒங்களுக்கு? தன்னாட்டம் நானும் ஆவணும்னு சொல்றாங்க!"

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் வாயடியும் சேர்ந்துவிட்டது. உப்பு, மிளகாய், தெருமண் எல்லாம் சுற்றி அடுப்பில் போட்டாள். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்தாள். அதோடு விடவில்லை. "இனிமே அவுங்க செவுத்துப் பக்கத்துல நீங்க படுக்க வேணாம்" என்று கட்டிலை இழுத்துக்கொண்டுபோய்த் தெருப்பக்கத்து அறையில் போட்டாள். அன்றிலிருந்து இடிச்சத்தம் கேட்கவில்லை. லேகாவுக்கு ஏக நிம்மதி. என் தலைகனம் மட்டும் குறையவில்லை, பகல் தூக்கம் இன்னும் ஜாஸ்தியானது.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வரும்போது, கெடிலம் பாலத்தில் ஸ்கூட்டரை ஓட்டியபடியே தூங்கிப்போனேன். கண்ணை மூடியது தெரியாது. கைப்பிடிச் சுவரில் உரசிக் கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது. பின்னால் வந்த பஸ்காரர் நல்ல ஆள், சட்டென்று பிரேக் போட்டுவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, ஸ்கூட்டரில் ஒரு கண்ணாடி உடைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நாலு பேர் தூக்கி உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்ததும் லேகா ஒப்பாரியையே ஆரம்பித்துவிட்டாள். "சொன்ன வாய் பலிச்சிடுச்சே" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். நேரே அந்தப் பக்கம் போய்க் கேட்டுவிடுவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் திறந்தால், படியில் அண்ணி நிற்கிறாள்.

மோட்டார் சண்டைக்குப் பிறகு அவள் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. என் கட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு, "லேகா, கட்டில பழைய எடத்துலயே போடு" என்றாள்.

கோழியிடம் அல்ல, லேகாவிடமே சொன்னாள். என் மனைவிக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் கோபம் சும்மா இருக்குமா?

"ஏன், அவரு கொறட்டய கேக்காம ஒங்களுக்குத் தூக்கம் வரலியா?"

"வரலதான்."

"செவுத்த இடிச்சி இடிச்சி மனுசன தூங்க வுடாம பண்ணீங்க. மூச்சு நின்னுபோவும்னு வாய் வெச்சீங்க. இன்னிக்கி பாலத்துல வுழுந்து வந்து நிக்கிறாரு. இன்னும் என்னா வேணும் ஒங்களுக்கு?"

"நா எப்ப இடிச்சேன்? தம்பி கொறட்ட வுடும்போது இடிச்சனா, நிறுத்தும்போது இடிச்சனா? அத மட்டும் சொல்லு."

காதில் பஞ்சு வைத்திருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? தூங்கிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது. அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி கொறட்ட வுடறவரைக்கும் நா நிம்மதியா படுத்திருப்பேன். திடீர்னு நின்னுபோவும். சத்தமே இருக்காது. நா எழுந்து ஒக்காந்துடுவேன். வருதா வருதான்னு பாத்துட்டு செம்ப எடுத்துத் தட்டுவேன். தண்ணில முங்கனவன் மேல வராப்போல ஒரு பெரிய மூச்சு வரும். அதக் கேட்டாதான் திரும்பப் படுப்பேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் நிக்கும்."

அண்ணி என்னைப் பார்த்தாள்.

"ஒங்க அண்ணனுக்கும் இதேதான் தம்பி. நிக்கும், வரும். பழகிப்போச்சி. அன்னிக்கி நின்னிது. அப்பாடா, இன்னிக்காவது சத்தமில்லாம தூங்கறாரேன்னு நா திரும்பிப் படுத்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. இத்தனை வருஷமாக அழுது தீர்த்துவிட்டாள் போலிருந்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ராத்திரி ராத்திரியாக என் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறாள். நாங்கள் அதற்கு மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறோம்.

"பி.பி. மாத்திர வாங்கற எடத்துல டாக்டர்கிட்ட சொன்னேன். அது ஒரு வியாதி, ஆள சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு."

"இத எங்கிட்ட வந்து சொல்லக்கூடாதாக்கா?" லேகாவின் குரல் உடைந்துவிட்டது.

"கோழிகிட்ட சொன்னனே" என்றாள் அண்ணி.

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே, சொல்லியாயிற்று என்றுதான் நினைத்திருக்கிறாள். லேகா அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் உள்ளே போய் ரெண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் மூவர் சீட்டில் போனோம். ஜன்னலோரம் லேகா, அந்தக் கடைசியில் அண்ணி, நடுவில் சுவர் மாதிரி நான். படியில் அழுததோடு சரி, திரும்பவும் இருவருக்கும் கூச்சம் வந்துவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன். புதுச்சத்திரத்தில் ஒரு பக்கமிருந்து லேகாவும் மறுபக்கமிருந்து அண்ணியும் ஒரே நேரத்தில் என் விலாவில் இடித்து எழுப்பினார்கள். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் இன்னும் சில இடிகள் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார். பகலில் தூக்கம் வருமா, காலையில் தலை வலிக்குமா, எரிச்சல் வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். டேப் வைத்துக் கழுத்தை அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு யாரு பாத்தது? வீட்டம்மாவா?"

லேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான். பாக்கல, கேட்டேன். செவுத்துக்கு அந்தாண்ட இருந்து" என்றாள் அண்ணி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணி சொன்னது முழுவதையும் கேட்டார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்துபோகும். சிலருக்கு அது மூச்சுப் பாதையை நெருக்கும். நெருக்கடியில் காற்று உரசிப் போகிற சத்தம்தான் குறட்டை. இன்னும் சிலருக்குப் பாதையே அடைத்துக்கொள்ளும். நெஞ்சு இழுக்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறிப்போய் ஆளை உலுக்கிவிடும். அப்போது வருவதுதான் அந்தப் பெரிய மூச்சு. ராத்திரி முழுக்க இப்படி உலுக்கிக்கொண்டே இருந்தால் அது தூக்கமே இல்லை, அதனால்தான் பகலில் விழுகிறீர்கள் என்றார். கவனிக்காமல் விட்டால் பி.பி. ஏறும், இருதயத்தைப் பாதிக்கும் என்றும் சொன்னார். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இது இருக்காது, நடுவில் நிற்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்றார்.

"அப்ப அக்கா தட்டித் தட்டித்தான் இவரு உசுரோட இருந்தாரா டாக்டர்?" என்று கேட்டாள் லேகா.

"அப்பிடிச் சொல்ல முடியாதும்மா. அவங்க தட்டலன்னாலும் பெரும்பாலும் இவரோட மூளையே எழுப்பி விட்டுருக்கும். ஆனா அவங்க கேட்டுச் சொல்லலன்னா இவரு இன்னிக்கி இங்க வந்துருக்க மாட்டாரு. அதுதான் பெரிசு."

அண்ணி வாயைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் நிக்கும். அன்னிக்கி நா தட்டியிருந்தா..."

டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "அவர டெஸ்ட் பண்ணாம நா எதையும் சொல்ல முடியாதும்மா. ஆனா திரும்பிப் படுத்தது ஒங்க தப்பு இல்ல. யாரா இருந்தாலும் அப்பிடித்தான் படுத்திருப்பாங்க" என்றார்.

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோளில் முதலில் விழுந்தது லேகாவின் கை.

அன்றைக்கு அங்கேயே தங்க வைத்தார்கள். தலை, மார்பு, விரல் என்று உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். கட்டிப்போட்ட ஆடு மாதிரி கிடந்தும் தூங்கிவிட்டேன். காலையில் கம்ப்யூட்டரில் கோடு கோடாகக் காட்டினார்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்பதைக் கேட்டு லேகா வாயைப் பொத்திக்கொண்டாள். எடையைக் குறைக்க வேண்டும், மல்லாந்து படுக்கக் கூடாது, முகத்தில் மாஸ்க் மாட்டி அளவாகக் காற்றை உள்ளே தள்ளும் மெஷின் போட்டுத்தான் தினமும் தூங்க வேண்டும், பகல் தூக்கம் சரியாகும் வரை ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்து கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். "கத்திரிக்காய நல்லா சுட்டுருக்கான்" என்றாள் அண்ணி. "நீங்க வெக்கிற அளவுக்கு இல்லக்கா" என்றாள் லேகா. அவள் அதைச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள். திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குப் பின் சீட்டுதான் கிடைத்தது. கடலூர் வரும்வரை என்னைப் பற்றித்தான் பேச்சு, ஒன்றும் நல்லதாக இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே கிடையாது.

மெஷின் வந்தது. கட்டில் பழையபடி நடுச்சுவரை ஒட்டிப் போனது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குழாயோடு உட்கார்ந்ததும், "புள்ளையாரு மாதிரி இருக்கீங்க, கொழுக்கட்டதான் இல்ல" என்று சிரித்தாள் லேகா. அதன்பிறகு எனக்கு எதுவும் தெரியாது. மற்றதை எல்லாம் காலையில் லேகா சொன்னாள்.

குறட்டை இல்லையாம். மெஷினின் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்தான், அது சுவரைத் தாண்டிப் போகாது. வீடே அமைதியாக இருந்திருக்கிறது. அந்த அமைதி அண்ணிக்குப் பொறுக்குமா? 'டங், டங்' என்று செம்பு இடித்திருக்கிறது. லேகா எழுந்து என் பக்கத்தில் குனிந்து கேட்டிருக்கிறாள். பிறகு டம்ளரை எடுத்து, 'டங், டங்' என்று அவளும் திருப்பித் தட்டியிருக்கிறாள். சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாகக் குரல் வந்திருக்கிறது.

"லேகா, மூச்சு வருதா?"

"வருதுக்கா. சீரா வருது."

"நீ கேட்டியா?"

"இப்பல்லாம் காதுல பஞ்சு வெக்கிறதில்லக்கா. கேட்டுக்கினுதான் இருக்கேன். நீங்க படுங்க."

இதைக் கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனேன். தலை கனக்கவில்லை. வாய் காயவில்லை. தூங்கி எழுவது என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில்கூடப் புதுசாக இருந்தது. அண்ணி தவிடு பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். எனக்குச் சோறு போட்டவள். அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது? எங்கள் வீடுகளில் அந்த வார்த்தையைப் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறோம். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"ஏ கோழி, நேத்து ராத்திரி நா நல்லா தூங்கனேன். இந்த வூட்டுல ஒருத்தங்க முழிச்சிக்கினு இருக்கலன்னா இன்னிக்கி நா இல்ல" என்றேன்.

கோழி தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. அண்ணி கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள்.

"கோழிக்கு என்னா தம்பி தெரியும்? எங்கிட்ட சொல்லு."

சொன்னேன்.